கடைக் கணக்கு மேகத்துக்குப் போகட்டும். சாவி நம் கையில் இருக்கட்டும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் வணிகத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. சிலிம் ரிவர் போன்ற சிற்றூரில் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் சிறு வணிகர்களின் பிள்ளைகள். மளிகைக் கடை, உணவகம், பூக்கடை, முடிதிருத்தகம், வாகனப் பட்டறை, செம்பனைக் குலை ஏற்றும் லோரி என்று அந்தத் தொழில்கள் விரிந்து கிடக்கின்றன. தொழில் தளர்ந்தால் அது முதலில் பிள்ளையின் முகத்தில் தெரியும். பிறகு வருகைப் பதிவேட்டில் தெரியும். ஆகவே, பெற்றோரின் கடைக் கணக்கைப் பற்றி ஆசிரியர் கவலைப்படுவது தவறாகாது.

இன்று நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள் மேகக் கணிமை. ‘கிளவுட்’ என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதுதான். நம் சிறு வணிகர்கள் இந்தச் சேவையை நம்பித் தொழில் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இதில் ‘நம்ப வேண்டும்’ என்பதைவிட ‘கற்றுக்கொள்ள வேண்டும்’ என்பதற்கே நான் அதிக அழுத்தம் தருகிறேன். காரணத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

கணக்கு எங்கே இருக்கிறது?

ஒரு வணிகத்தின் உயிர் எங்கே இருக்கிறது? கேட்டால் பலர் கடையைக் காட்டுவார்கள். அடுக்கி வைத்த சரக்கைக் காட்டுவார்கள். கடை எரிந்தால் வேறு கடை எடுக்கலாம். சரக்கு கெட்டால் மீண்டும் கொள்முதல் செய்யலாம். யார் யார் நமக்கு எவ்வளவு தரவேண்டும், நாம் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும், எந்தப் பொருள் எந்த விலைக்கு வந்தது, எந்த வாடிக்கையாளர் எப்போது வாங்குவார் – இவை தொலைந்தால் மீட்பது அரிது. கணக்கே வணிகத்தின் உயிர்.

அந்தக் கணக்கு நம் ஊர்க் கடைகளில் எங்கே இருக்கிறது? அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் இருக்கிறது. மலேசியாவில் மூன்று இனத்துக் கடைக்காரர்களுக்கும் பழக்கமான கடன் புத்தகம் அது. அதில் இல்லாதது கல்லாப்பெட்டியின் அடியில் துண்டுச் சீட்டாக இருக்கிறது. அங்கும் இல்லாதது அப்பாவின் தலைக்குள் இருக்கிறது!

அப்பா நலமாக இருக்கும் வரை இதில் குறையொன்றும் தெரியாது. அவர் திடீரென்று நோயில் விழுந்து மருத்துவமனையில் படுத்துவிட்டால் என்ன ஆகும்? நம்மிடம் வாங்க வேண்டியவர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நமக்குக் கொடுக்க வேண்டியவர்கள் வரமாட்டார்கள். வந்தவர் சொல்லும் தொகை சரியா தவறா என்று அம்மாவுக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. பல ஆண்டு உழைப்பு சில வாரங்களில் கரைந்துபோவது இப்படித்தான்.

இங்கே ஒரு வரலாற்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். நம் பாட்டன்மார் பால்மரத் தோட்டங்களில் உழைத்தபோது அவர்களுடைய உழைப்பின் கணக்கு அவர்கள் கையில் இல்லை. ‘செக்ரோல்’ புத்தகம் தோட்ட அலுவலகத்தில் இருந்தது. எத்தனை நாள் வேலை, எவ்வளவு பால், எவ்வளவு பிடித்தம் என்று கிராணியார் எழுதியதே கணக்கு. கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைத்துவிட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். பிற்காலத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து லயங்கள் காலியாயின. மக்கள் பட்டணத்தை ஒட்டிய குடியிருப்புகளுக்கு வந்தார்கள். சிலர் துணிந்து சொந்தத் தொழில் தொடங்கினார்கள். தன் கணக்கைத் தானே எழுதும் உரிமை நம் குடும்பங்கள் பலவற்றுக்கு ஓரிரு தலைமுறைக்கு முன்புதான் கிடைத்தது. அரிதாகக் கிடைத்த அந்தக் கணக்கை ஒரு குறிப்பேட்டை நம்பி விட்டுவைக்கலாமா?

கணினி வாங்கினால் போதாதா?

“எங்கள் கடையில் கணினி இருக்கிறதே” என்று சிலர் சொல்வார்கள். நல்லது. ஆனால், ஒரே ஒரு கணினி என்பது சற்று விலை உயர்ந்த 555 புத்தகந்தான். அதைக் கறையான் அரிக்காது. மற்ற எல்லா ஆபத்தும் உண்டு. இடி மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. ஒரு மின்னல் தாக்கினால் வன்தட்டு போய்விடும். திருடன் கணினியைத் தூக்கிச் செல்லும்போது கணக்கை இறக்கி வைத்துவிட்டுப் போகமாட்டான்.

வெள்ளம் இவை எல்லாவற்றினும் கொடியது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாத நடுவில் பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தப் பருவத்தில் நாடு முழுவதும் ஏற்பட்ட வெள்ள இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் வணிக வளாகங்களின் இழப்பு மட்டும் சுமார் 50 கோடி ரிங்கிட். இது கண்ணுக்குத் தெரிந்த பொருள்களின் மதிப்பு. நனைந்து கூழாகிப்போன கடன் புத்தகங்களில் எழுதியிருந்த தொகைகளை யார் கணக்கிட்டார்கள்?

அதற்கு முந்தைய ஆண்டில் வேறொரு பாடம் கிடைத்தது. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கடை பூட்டிக் கிடந்தது. உரிமையாளர் வீட்டுக்குள் இருந்தார். கணக்குப் புத்தகமோ கடைக்குள் இருந்தது! கணக்கை எங்கிருந்தும் பார்க்கக்கூடிய நிலையில் வைத்திருந்தவர்கள் வீட்டிலிருந்தே வாடிக்கையாளரை அழைத்தார்கள். கொடுக்கல் வாங்கலைத் தொடர்ந்தார்கள்.

மேகம் என்பது என்ன?

பெயரைக் கேட்டு மருள வேண்டியதில்லை. மேகத்தில் ஒன்றும் இல்லை; எல்லாம் மண்ணில்தான் இருக்கின்றன. தரவு மையம் எனப்படும் பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒரு சிறு பகுதியை நாம் வாடகைக்கு எடுக்கிறோம். நம் திறன்பேசியில் எழுதும் கணக்கு இணையத்தின் வழியாக அங்கே போய்ச் சேர்கிறது. கைப்பேசி தொலைந்தாலும் வேறு கைப்பேசியில் கடவுச்சொல்லைத் தட்டினால் கணக்கு அப்படியே வந்து நிற்கும். அவ்வளவுதான்.

1995இல் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கிய அமேசான் நிறுவனம், 2006 மார்ச் மாதத்தில் தரவுகளைச் சேமித்து வைக்கும் இடத்தைப் பிறருக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. இன்று நாம் அறிந்த மேகக் கணிமைச் சந்தையின் தொடக்கங்களில் அது முதன்மையானது. அதற்கு முன்பு ஒரு நிறுவனம் கணினி வழித் தொழில் நடத்த வேண்டுமானால் பெரும்பொருள் செலவழித்துச் சொந்தக் கணினிகளை வாங்கி, குளிரூட்டப்பட்ட அறையில் வைத்து, பராமரிக்க ஆளையும் வைக்க வேண்டும். பெரிய முதலாளிகளுக்கு மட்டுமே இயன்ற ஒன்று, மாத வாடகைக்குச் சிறிய கடைக்காரருக்கும் கிடைக்கலாயிற்று.

இது அமெரிக்கர்கள் மட்டுமே செய்யும் வித்தை என்றும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்றொரு சிற்றூர் உண்டு. ‘சோகோ’ நிறுவனம் 2011இல் அவ்வட்டாரத்தில் தன் அலுவலகத்தைத் தொடங்கியது. 1996இல் ஸ்ரீதர் வேம்புவும் உடன்பிறந்தாரும் நண்பர்களும் வேறு பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. 2005ஆம் ஆண்டளவில் இணையத்தின் வழியே பயன்படுத்தும் அலுவலக மென்பொருள்களை வெளியிடத் தொடங்கி, 2009இல் ‘சோகோ’ என்ற பெயரையே நிறுவனத்திற்கும் சூட்டிக்கொண்டது. பட்டப்படிப்பு இல்லாத இளையோரையும் எடுத்துத் தானே பயிற்சி தந்து வேலைக்கு அமர்த்துகிறது. இந்த நிறுவனத்தின் சேவையைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கிராமத்தில் அமர்ந்து உலகத்து வணிகர்களின் கணக்கைப் பராமரிக்கும் மென்பொருளைத் தமிழ்ப் பிள்ளைகள் ஆக்குகிறார்கள். சிலிம் ரிவரில் அமர்ந்து அத்தகைய சேவையைப் பயன்படுத்த நமக்கு என்ன தடை என்று கேட்கவே எழுதுகிறேன்.

மின்சாரத்தை நம்பக் கற்ற பேராக்

“நம் பொருளை நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைப்பதா?” என்ற அச்சம் இயல்பானது. இதே அச்சத்தைப் பேராக் மாநிலம் ஒரு முறை கடந்து வந்திருக்கிறது.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் ஒரு காலத்தில் முதலாளிகள் பலர் சொந்தமாக நீராவிப் பொறி வைத்திருந்தனர். விறகும் கரியும் வாங்கி, பொறியை ஓட்ட ஆள் வைத்து, பழுதானால் தாமே பார்த்துக்கொண்டனர். பின்னர் பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணை எழுந்தது. 1930இல் அங்கே மின்னுற்பத்தி தொடங்கியது. தொலைவில் உள்ள அணையிலிருந்து கம்பி வழியாக வரும் மின்சாரத்தைச் சுரங்கங்கள் விலை கொடுத்து வாங்கின. ‘கம்பி அறுந்தால் என் சுரங்கம் என்ன ஆகும்?’ என்று அன்றும் கேட்டிருப்பார்கள். ஆனாலும் காலப்போக்கில் பலரும் மாறினார்கள். ஏனென்றால், ஒவ்வொருவரும் தனித்தனியே பொறி வைத்து ஓட்டுவதைவிட அது மலிவு, ஓட்டமும் சீர்.

தோட்டங்களிலும் இதே கதைதான். பல தோட்டங்களில் நிருவாகத்தின் மின்பொறி மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடும். இரவு குறித்த நேரத்தில் விளக்கு அணைந்துவிடும். பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். பொது மின்சாரம் வந்தபோது நாம் அதை ஐயத்துடனா வரவேற்றோம்?

ஆனாலும் பொது மின்சாரமும் ஒரு நாள் காலை வாரியது. 1996 ஆகஸ்ட் 3ஆம் நாள் தீபகற்ப மலேசியா முழுவதும் பல மணி நேரம் இருளில் மூழ்கியதை மூத்த பெற்றோர்கள் அறிவார்கள். அதன் பிறகு யாராவது மின்சாரம் வேண்டாம் என்று சொன்னார்களா? சொல்லவில்லை. மருத்துவமனை தனக்கென்று மின்னாக்கி வைத்துக்கொண்டது. வீட்டில் மெழுகுவத்தி வாங்கி வைத்தோம். இதைத்தான் நம்பக் கற்றுக்கொள்வது என்கிறேன். ஒன்றை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். அது ஒரு நாள் இல்லாமற்போனால் என்ன செய்வது என்பதையும் முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

காலம் நம்மைக் கேட்டு மாறவில்லை

நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நாட்டின் வணிக முறை இணையத்துக்குள் போய்விட்டது. உள்நாட்டு வருமான வரி வாரியம் மின் விலைப்பட்டியல் முறையைப் படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்கள், 2025 ஜனவரி 1 முதல் இரண்டரைக் கோடியைத் தாண்டியவை, 2025 ஜூலை 1 முதல் 50 இலட்சத்தைத் தாண்டியவை என்று அது இறங்கி வந்திருக்கிறது. மிகச் சிறிய கடைகளுக்கு விலக்கு உண்டு. என்றாலும், நமக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வணிகர் அந்த முறைக்குள் வந்துவிட்டார். நம்மிடம் பொருள் வாங்கும் நிறுவனமும் மின் விலைப்பட்டியல் கேட்கும். காகிதச் சீட்டு மட்டுமே தரத் தெரிந்தவரிடம் நிறுவனங்கள் எத்தனை நாளுக்கு வாங்கும்?

வருமான வரிச் சட்டப்படி வணிகப் பதிவுகளை 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சாகும் இரசீது ஓராண்டிலேயே வெளுத்துவிடும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். அதைப் படமெடுத்து மேகத்தில் ஏற்றி வைத்தால் ஏழு ஆண்டு கழித்தும் படிக்கலாம்.

கடனுதவியையும் எண்ணிப் பாருங்கள். இந்தியத் தொழில்முனைவோருக்கென்று ‘தெக்குன்’ வழியாக ‘ஸ்பூமி’ திட்டம் நடத்தப்படுகிறது. வங்கிகளும் சிறு வணிகக் கடன் தருகின்றன. கடன் தருபவர் முதலில் கேட்பது என்ன? வங்கிக் கணக்கறிக்கை, வரவு செலவு விவரம், விற்பனைப் பதிவு. உண்மையாக உழைத்து உண்மையாக இலாபம் ஈட்டிய ஒருவர், அதைக் காட்ட ஒரு தாள்கூட இல்லாத காரணத்தால் வட்டிக்காரரிடம் போய் நிற்பது எவ்வளவு கொடுமை! ‘ஆலோங்’ வாசலில் நிற்கும் வீட்டுப் பிள்ளையிடம் நாளைய தேர்வைப் பற்றிப் பேச எந்த ஆசிரியருக்கு மனம் வரும்?

வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே மேகத்தில்தான் படிக்கிறது. 2020 ஜூன் மாதம் கல்வியமைச்சு ‘டெலிமா’ தளத்தைத் தொடங்கிய பிறகு, மாணவர்களுக்கு அமைச்சின் மின்னஞ்சல் கணக்கு இருக்கிறது. பாடம் அதில் வருகிறது. பயிற்சியை அதில் அனுப்புகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை மேகத்தில் வீட்டுப்பாடம் செய்கிறது. ஐம்பது வயதுத் தந்தை 555 புத்தகத்தில் கடையை நடத்துகிறார். இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள்!

மண்குதிரையும் உண்டு

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்றார்கள் நம் முன்னோர். மேகத்தை நம்பிக் கெட்டவர்களும் உலகில் உண்டு. அவர்களுடைய கதையை மறைத்துவிட்டு, ‘நம்புங்கள்’ என்று மட்டும் சொல்வது அறமாகாது.

2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ‘ஓவிஎச்’ நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீக்கிரையானது. வேறிடத்தில் காப்புப் படி எடுத்து வைக்காத வாடிக்கையாளர் பலரின் தரவுகள் திரும்பவே இல்லை.

2025 செப்டம்பர் 26ஆம் நாள் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலம் தீப்பற்றியது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட அரசு இணையச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ எனும் சேமிப்பகம் முற்றாக அழிந்தது. அதில் இருந்தவை 858 டெராபைட் அளவிலான கோப்புகள். வெளியே வேறெங்கும் காப்புப் படி இல்லை. தொழில்நுட்பத்தில் உலகத்திற்கு முன்னோடியான நாட்டிலேயே இப்படி நடந்தது!

இதற்கு மாறான ஒரு கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ‘யூனிசூப்பர்’ என்பது ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஓய்வூதிய நிதி. 2024 மே மாதத்தில், கூகுளின் மேகச் சேவையில் நேர்ந்த ஓர் அமைப்புப் பிழையால் அந்நிதியின் மேகக் கணக்கே நீக்கப்பட்டுவிட்டது. உறுப்பினர்கள் பல நாள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனால், அந்நிதி வேறொரு நிறுவனத்திடமும் காப்புப் படி வைத்திருந்தது. அது மீட்சிக்குத் துணைநின்றது, சேவை மீண்டது.

இந்தக் கதைகளில் மேகம் ஒன்றுதான். பிழைத்தவரையும் பிழைக்காதவரையும் பிரித்தது இரண்டாவது படி.

நம் பள்ளிகளும் ஒரு பாடத்தைக் கண்டன. 2011ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய ‘1பெஸ்தாரிநெட்’ திட்டத்தின்கீழ் ஏறக்குறைய 10,000 பள்ளிகளுக்கு இணைய வசதியும் ‘ஃபிராக்’ மெய்நிகர் கற்றல் தளமும் வழங்கப்பட்டன. அத்தளத்தின் பயன்பாடு மிகக் குறைவாக இருந்ததை 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019ஆம் ஆண்டு நடுவில் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. பள்ளிகள் ‘கூகுள் வகுப்பறை’க்கு மாறின. ஆசிரியர் நண்பர்களே, ஒரு தளத்தில் மட்டுமே பாடக்குறிப்புகளை வைத்திருப்பவர் அத்தளம் மூடப்படும் நாளில் என்ன செய்வார்? எந்தச் சேவையும் நிலையானதன்று. உள்ளே போகும்போதே வெளியே வரும் வழியைப் பார்த்து வைக்க வேண்டும்.

நம்பக் கற்றுக்கொள்வது எப்படி?

இனி, செய்யத்தக்கவற்றை வரிசைப்படுத்துகிறேன். இவற்றுக்குக் கணினிப் பட்டம் தேவையில்லை.

1. சாவி உரிமையாளரின் கையில் இருக்க வேண்டும். கணக்கைத் தொடங்கும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உரிமையாளருடையதாகவே இருக்கட்டும். “கணினிக் கடைத் தம்பிதான் எல்லாம் செய்து கொடுத்தார், கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும்” என்ற பேச்சே வரக்கூடாது. பிறர் கையில் நம் கணக்கு இருந்த காலத்தைத் தோட்டத்தில் பார்த்துவிட்டோம்.

2. பிள்ளையின் பள்ளிக் கணக்கில் கடைக் கணக்கை வைக்காதீர்கள். அது கல்வியமைச்சு படிப்பிற்காகக் கொடுத்தது. வணிகத்திற்குத் தனி மின்னஞ்சல் தொடங்குங்கள்.

3. இரட்டைச் சரிபார்ப்பை முடுக்கி வையுங்கள். கடவுச்சொல்லுடன் கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் முறை அது. அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கி அதிகாரி என்று சொன்னாலும் சொல்லாதீர்கள். மோசடியில் பணம் போய்விட்டால் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள்.

4. மாதக் கடைசியில் ஒரு படி இறக்குங்கள். கணக்கு முழுவதையும் பதிவிறக்கம் செய்து ஒரு விரலியிலோ வன்தட்டிலோ ஏற்றி, கடையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள். கண் கெட்ட பின் சூரிய வணக்கம் செய்து பயனில்லை. மின்சாரக் கட்டணம் செலுத்தும் நாளையே இதற்கும் உரிய நாளாக வைத்துக்கொண்டால் மறவாது.

5. சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். “நாளை நான் விலகினால் என் தரவுகள் அனைத்தையும் எக்செல் போன்ற பொது வடிவில் எடுத்துச் செல்ல முடியுமா?” முடியாது என்றால் அந்தச் சேவை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

6. குடும்பத்தில் இருவருக்காவது வழி தெரிந்திருக்க வேண்டும். கடவுச்சொல்லையும் மீட்புக் குறியீட்டையும் ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு பூட்டி வையுங்கள். அந்த உறை எங்கே இருக்கிறது என்பது மனைவிக்கோ கணவருக்கோ தெரிந்திருக்கட்டும்.

7. வாடிக்கையாளரின் விவரம் நம்மிடம் உள்ள அடைக்கலப் பொருள். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. 2025 ஜூன் 1 முதல், தரவுக் கசிவு ஏற்பட்டுப் பெருந்தீங்கு நேரக்கூடுமானால் 72 மணி நேரத்திற்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. தேவையற்ற அடையாள அட்டைப் படங்களைச் சேர்த்து வைக்காதிருப்பதே முதல் பாதுகாப்பு.

ஐயங்கள் மூன்று

“மாதந்தோறும் பணம் கட்ட வேண்டுமே?” உண்மைதான். நன்கு வளர்ந்த சேவைகளுக்குக் கட்டணம் உண்டு. சில டாலர் விலையில் இருப்பதால் ரிங்கிட் மதிப்புக்கு ஏற்ப ஏறும் இறங்கும். ஆனால், தொடக்கத்திற்கு இலவசமாகக் கிடைக்கும் இணையக் கணக்குத் தாளே போதும். வரவு, செலவு, கடன் என மூன்று பக்கம் தொடங்குங்கள். ஆறு மாதம் பழகிய பிறகு, தேவை என்று தோன்றினால் கட்டணச் சேவைக்குப் போகலாம். கட்டணத்தைக் கணக்கிடும்போது, எழுதாமல் விட்டதால் வசூலாகாமற்போன கடனையும் அருகில் வைத்துப் பாருங்கள்.

“இணையம் அறுந்துவிட்டால்?” தோட்டப்புறங்களில் இணைப்பு இன்னும் சீராக இல்லாத இடங்கள் உண்டு. பல செயலிகள் இணைப்பு இல்லாதபோதும் எழுத விட்டு, இணைப்பு வந்ததும் தாமே ஏற்றிக்கொள்கின்றன. அது இயலாதபோது 555 புத்தகத்தில் எழுதி, இரவில் ஏற்றுங்கள். நான் அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது துணையாக இருக்கட்டும். உலகப் பெரும் நிறுவனங்களுக்கே தடங்கல் வருகிறது. 2025 அக்டோபர் 20ஆம் நாள் அமேசானின் அமெரிக்க மையம் ஒன்றில் ஏற்பட்ட கோளாற்றால் பல நாடுகளில் எண்ணற்ற சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின. அன்று கையில் படி வைத்திருந்தவர் தம் வேலையைத் தொடர்ந்திருப்பார்.

“எங்கள் கணக்கைப் பிறர் பார்த்துவிட மாட்டார்களா?” இந்தக் கேள்விக்குள் பெரும்பாலும் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. வரி வாரியம் பார்த்துவிடுமோ என்பதே அது. வெளிப்படையாகவே பேசுவோமே. சிறு வணிகர் பலருக்கு, கழிவுகள் எல்லாம் போக, கட்ட வேண்டிய வரி அவர்கள் அஞ்சும் அளவுக்கு இராது. கணக்கே இல்லாததால் செலவுகளைக் காட்ட முடியாமல் கூடுதலாகக் கட்டுவோரும் இருக்கக்கூடும். கணக்கை மறைப்பதால் மிஞ்சும் தொகையைவிட, கணக்கு இல்லாததால் கடன், மானியம், பெரிய வாடிக்கையாளர் ஆகியவற்றை இழப்பது பெரிது. தரவு அயல்நாட்டில் கிடக்கிறதே என்று வருந்துவோருக்கும் ஒரு செய்தி: 2024 ஆகஸ்டில் அமேசானும் 2025 மே மாதத்தில் மைக்ரோசாப்ட்டும் மலேசியாவிலேயே தத்தம் மேகக் கணிமை மையங்களைத் திறந்துவிட்டன.

பள்ளியிலிருந்து தொடங்கலாம்

ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் இறுதியாகச் சில சொற்கள்.

நம் இயக்கங்களும் இதே நோயால் வருந்துகின்றன. சங்கத்தின் செயலாளர் மாறினால் கோப்பும் அவரோடு போய்விடுகிறது. பொருளாளர் வீடு மாறினால் பழைய இரசீதுப் புத்தகங்கள் காணாமற்போகின்றன. முன்னாள் மாணவர் பட்டியல், நன்கொடையாளர் பட்டியல், ஆண்டு விழாப் படங்கள் – எத்தனை பள்ளிகளில் இவை முழுமையாக உள்ளன? பிள்ளைகள் குறைந்து தமிழ்ப்பள்ளிகள் இடம் மாறும் இந்தக் காலத்தில், ஒரு பள்ளியின் ஆவணம் தொலைவது ஒரு தோட்டத்தின் வரலாறே தொலைவதற்குச் சமம். சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, ஆவணங்களை ஏற்றி, பொறுப்பு மாறும்போது கடவுச்சொல்லையும் முறையாக ஒப்படைக்கும் வழக்கத்தை ஏற்படுத்துவோம். இரண்டாவது படி பள்ளி அலமாரியில் இருக்கட்டும்.

அடுத்து, பள்ளி விடுமுறையில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து அமரும் பயிலரங்கு ஒன்றை நடத்தலாம். பிள்ளைக்குத் தளம் தெரியும். தந்தைக்குத் தொழில் தெரியும். பிள்ளை கட்டம் போடட்டும்; தந்தை தலைப்பு சொல்லட்டும். யார் யாரிடம் எவ்வளவு கடன் நிற்கிறது என்று தாய் நினைவுபடுத்தட்டும். கூட்டல் கழித்தல் பாடம் வீட்டு அடுப்பு எரிவதற்கு உதவும் பாடம் என்பதைப் பிள்ளை அங்கே தெரிந்துகொள்ளும். தந்தை எவ்வளவு உழைக்கிறார் என்பதும் அப்போது அதற்குப் புரியும்.

பெற்றோர்களே, ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் கடன் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் திறன்பேசியில் படமெடுத்து, உங்கள் பெயரில் உள்ள மின்னஞ்சல் கணக்கின் சேமிப்பகத்தில் ஏற்றி வையுங்கள். அதை எப்படித் திறப்பது என்பதை வீட்டில் இன்னொருவருக்குக் காட்டிக் கொடுங்கள். அடுத்த வாரம் அடுத்த படிக்குப் போகலாம்.